விடை அறிந்தவன் வேடம் பூணலாமா?

உண்மையை அறிந்த ஒருவன், அதனை அறியாத பலரோடு ஒரே வட்டத்தில் அமர்ந்து, தானும் அறியாதவன் போல் நடந்துகொள்வது அறமாகுமா? இவ்வினாவுக்கு விடைகாணத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் இளைஞர் சிலர் விடுமுறை மாலைகளில் ஆடும் ஒரு விளையாட்டே இதனை நம்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றது. விளையாட்டு என்றவுடன் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். மனிதர் தம் அறத்தை முதன்முதலிற் பழகுவது முற்றத்து விளையாட்டிலேதான். நீதிமன்றமும் பாராளுமன்றமும் பின்னால் வருபவை.

விளையாட்டின் முறை இது. விருந்துக்கு வருவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுக்கப்படும். நீர் இன்ன பாத்திரம். இறந்தவரோடு உமக்கு இன்ன உறவு. நீர் சொல்லக்கூடியது இது. மறைக்க வேண்டியது இது என்று அதில் எழுதியிருக்கும். கூடியிருப்போருள் ஒருவர் கொலைஞர். உண்டும் உரையாடியும் ஒருவரையொருவர் வினாவியும் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கில மாளிகைகளிலே செல்வர் ஆடிப் பொழுதுபோக்கிய விளையாட்டின் வழிவந்தது இது. நியூசிலாந்து எழுத்தாளர் நையோ மார்ஷ் 1934 இல் வெளியிட்ட தமது முதல் நாவலிலேயே, இத்தகைய விளையாட்டு ஒன்று மெய்யான கொலையாய் முடிவதைக் கதைப்பொருளாக்கினார். பிற்காலத்தில் இது பெட்டியில் அடைத்து விற்கப்படும் பண்டமும் ஆயிற்று. இன்று கடுகண்ணாவை போன்ற மலைநாட்டுச் சிற்றூரிலும், ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவரும் கூடுமிடத்தில் இதனைக் காண நேர்கின்றது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பெட்டி வாங்கப் பணமில்லாத நம்மவர் கதையைத் தாமே புனைகின்றனர். புனைந்தவர் எவரோ அவரே விருந்தை நடத்துபவர். கொலைஞர் யாரென்பது அவருக்குத் தெரியும். பத்துப் பாத்திரம் எழுதப்பட்டிருக்கும். பஸ் தவறியோ மழை பிடித்தோ ஒன்பது பேரே வந்து சேர்ந்திருப்பர். எஞ்சிய சீட்டை யார் எடுப்பது? நடத்துபவரே எடுக்க வேண்டியதாகின்றது. முடிச்சைப் போட்டவர் அதனை அவிழ்க்க முயல்வோரிடையே ஒருவராய் அமர்கின்றார்.

இது குறித்து இரு கருத்துகள் உள. விடை அறிந்தவன் ஆட்டத்தில் அமர்வது ஏமாற்று என்பது ஒன்று. விளையாட்டிலே அறத்துக்கு என்ன வேலை என்பது மற்றொன்று. முன்னையது அளவுக்கு மீறிக் கண்டிக்கின்றது. பின்னையது அளவுக்கு மீறி நெகிழ்ந்துவிடுகின்றது. முன்னைய கருத்தினர் காட்டும் வழிகளை முதலில் ஆராய்வோம்.

ஒரு வழி, அறிந்தவனை ஆட்டத்தினின்றும் விலக்குவது. 1986 இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் உளவியற்றுறையைச் சேர்ந்த திமித்ரி தவிதோவ் என்பார் 'மாபியா' என்ற விளையாட்டை உருவாக்கினார். ஊராரிடையே கொலைஞர் சிலர் ஒளிந்திருப்பர். ஊரார் வாதிட்டு வாக்கெடுத்து அவர்களைக் களைய வேண்டும். யார் எவரென்பதை முற்றும் அறிந்த நடத்துநர் இதில் வாதிடுவதுமில்லை, வாக்களிப்பதுமில்லை. மற்றொரு வழி, அறிந்தவன் என்று ஒருவனே இல்லாமற் செய்வது. இங்கிலாந்தில் அன்ரனி பிராட் என்பவர் வகுத்து 1949 இல் விற்பனைக்கு வந்த 'குளூடோ' என்னும் பலகை விளையாட்டு இத்தகையது. ஐயத்துக்குரியோர் அறுவர், ஆயுதங்கள் ஆறு, அறைகள் ஒன்பது. இவற்றுள் வகைக்கொன்றாக மூன்று சீட்டுகளை எவரும் பாராது உறையிலிட்டு மூடிவிடுவர். கூடிய விடைகள் 324. இறுதிவரை எவருக்கும் விடை தெரியாது. ஆகவே எல்லோரும் சமம்.

இவ்வழிகள் நேர்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை ஒன்றை இழந்துவிடுகின்றன. உறைக்குள் இருக்கும் சீட்டு யார், எதனால், எங்கே என்ற மூன்றுக்கும் விடை சொல்லும். ஏன் என்பதற்கு விடை சொல்லாது. மனிதனை மனிதன் கொல்வதற்குக் காரணம் உண்டு. கடன் உண்டு, காணி உண்டு, அவமானம் உண்டு, பசியும் உண்டு. காரணமின்றிக் குற்றவாளியை மட்டும் தேடுகின்ற அறிவு ஆட்களை எண்ணிக் கழிக்கும் கணக்கறிவு. சமூகத்தை அறியும் அறிவு அதுவன்று. காரணத்தோடு கூடிய கதை வேண்டுமாயின் ஒருவர் அதனை எழுதத்தான் வேண்டும். எழுதியவர் விடையை அறியத்தான் வேண்டும். அவர் விலகி நின்றால் நல்லது. விலக முடியாதவிடத்து எவ்வாறு அமர்வது என்பதே நம் கேள்வி.

அவர் அறியாதவர் போல் நடிப்பது பொய்யாகுமா? பொய் என்பது, கேட்பவன் இசைவின்றி அவனுக்குரிய உண்மையை அபகரிப்பது. விளையாட்டிலே மறைத்தல் இதனின்றும் மூன்று வகையால் வேறுபடும். மறைப்பு ஒன்று உண்டென்பதும் அதனை மறைப்பவர் இன்னார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மறைப்பதால் மறைப்பவருக்கு ஊதியம் இல்லை. குறித்த நேரம் வந்ததும் மறைத்தது முழுவதும் அனைவர் முன்னும் விரித்துக் காட்டப்படும். ஆகவே இது களவை ஒத்ததன்று, கடனை ஒத்தது. உங்கள் உண்மையைச் சிறிது நேரம் என்னிடம் வைத்திருக்கின்றேன், திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதியோடு வாங்கப்படுவது அது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடன் களவாகிவிடும்.

துப்பறியும் கதையுலகில் இதுபற்றி ஒரு பெரும் வழக்கு நடந்தது. அகதா கிறிஸ்டி 1926 இல் வெளியிட்ட 'றோஜர் அக்ரோய்டின் கொலை' என்ற நாவலில், கதையை நமக்குச் சொல்லி வருபவனே கொலைஞன் என்பது இறுதியில் தெரியவருகின்றது. வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று குறைகூறியோர் உண்டு; அடையாளம் யாவும் கண்முன்னே இருந்தன, நாம்தாம் காணவில்லை என்று வாதாடியோரும் உண்டு. 1929 இல் றொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவன் கண்ட தடயத்தை வாசகனும் காண வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. துப்பறிபவனே குற்றவாளியாதல் கூடாது என்பது இன்னொன்று. விதிகள் பத்தாயினும் அவற்றின் கருத்து ஒன்றே: அறிந்தவன் மறைக்கலாம், ஆனால் மற்றவர் தேடிக் காண்பதற்கான வழியை அடைத்துவிடக் கூடாது.

வழியை அடைத்தவன் கதையும் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்து மதுரையை நினைத்துப் பாருங்கள். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் காட்டிக் கொடுத்தவனும் அவனே. காவலரை அழைத்துச் சென்றவனும் அவனே. இவன் முகத்தில் களவின் குறி இல்லையே என்று காவலர் தயங்கியபோது, கள்வர் கையாளும் தந்திரங்களை எடுத்துரைத்து அவர்களின் ஐயத்தை அழித்தவனும் அவனே. குற்றவாளி விசாரணைக்கு வழிகாட்டியாக அமர்ந்தான். விடையை அறிந்தவன், அறியாதவரோடு கூடித் தேடுபவன் போல் வேடம் பூண்டான். அவன் ஒருவன் மறைக்கின்றான் என்பதை அங்கு எவரும் அறியார். மறைப்பதால் ஊதியம் பெறுபவன் அவனே. அவனாக என்றும் உண்மையைத் திறந்து காட்டப் போவதுமில்லை. நாம் மேலே கூறிய மூன்றும் தலைகீழாயின. விளைவு ஓர் உயிர். பின்னர் ஒரு நகரம்.

அதே கதையில் பாண்டியனைப் பாருங்கள். அவனும் குற்றத்துக்கு உடந்தையாளனே, ஆராயாது ஆணையிட்டவன். ஆயினும் கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது அவளை உள்ளே வரவிட்டான். அவள் வினாவுக்கு மறுமொழி சொன்னான். தன்னிடமிருந்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னே வைத்தான். தேவியின் சிலம்பில் முத்து; கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது அரசன் சான்றை மறுக்கவில்லை. கள்வன் தானே எனத் தன்மீதே தீர்ப்பளித்து உயிர் துறந்தான். அவன் செய்த பிழை பெரிது. ஆனால் நீதிபதியின் இருக்கையில் இருந்துகொண்டே, தன்னையும் வினாவுக்குரிய ஒரு பாத்திரமாக ஏற்றுக்கொண்டமையால் அவன் பொற்கொல்லனினின்றும் வேறுபடுகின்றான். நடத்துபவன் வேடம் பூணலாமா என்ற கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கின்றது. பூணலாம், ஆனால் மற்றெல்லாப் பாத்திரங்களையும் போல அவன் பாத்திரமும் வினாவுக்கு உட்பட்டதாய் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது விடையை நம் கூத்து மரபு தருகின்றது. கடுகண்ணாவைக்கு அண்மையில் உள்ள பேராதனையிலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' 1962 இல் அரங்கேறியது. கூத்திலே அண்ணாவியார் கதையின் முடிவை அறிந்தவர், ஆட்டத்தைப் பழக்கியவர், நடத்துபவர். ஆயினும் அவர் திரைக்குப் பின்னே மறைந்து நின்று கயிறு இழுப்பதில்லை. மத்தளத்தோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்கின்றார். இவர்தாம் நடத்துகின்றார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சிங்கள அரங்கிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெக்டின் நாடகத்தை 1967 இல் 'ஹுணுவட்டயே கதாவ' என்று மேடையேற்றிய ஹென்றி ஜயசேன, நெறியாளராய் இருந்துகொண்டே நீதிபதி அஸ்டாக்காகவும் நடித்தார். பார்ப்போர் அதனை அறிந்தே பார்த்தனர். இரு தொழிலை ஒருவன் செய்வதில் குற்றமில்லை. எப்போது எத்தொழிலைச் செய்கின்றான் என்பதை மறைப்பதிலேதான் குற்றம்.

கடுகண்ணாவையில் நான் கண்ட ஓர் ஆட்டத்தில், நடத்திய நண்பர் இதற்கு எளிய வழியொன்றைக் கையாண்டார். கணவாய் வீதியோரத்தில் வழிப்போக்கர் தங்கிய பழைய அம்பலம் ஒன்று இன்றும் உண்டு. புகையிரதம் கண்டியை எட்டிய 1867 ஆம் ஆண்டில், அந்த அம்பலத்தில் வணிகன் ஒருவன் இறந்து கிடந்ததாக அவர் கதை புனைந்திருந்தார். ஆள் குறைந்தமையால் அம்பலக் காவலன் வேடத்தைத் தாமே ஏற்றார். தோளில் சால்வை கிடக்கும்வரை அவர் காவலன். காவலனுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வார். விதி பற்றி ஐயம் எழுந்தாலோ, தேடல் முற்றிலும் வழிதவறினாலோ சால்வையைக் கழற்றி மடியில் வைப்பார். அப்போது அவர் நடத்துபவர். அந்நிலையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே செய்தியைச் சொல்வார். மீண்டும் சால்வையைப் போட்டுக்கொள்வார். காவலன் வாயால் குறிப்புக் கொடுப்பதுமில்லை. ஒருவர் காதில் மட்டும் ஓதுவதுமில்லை. கொலைஞர் யாரென்று ஊகித்துச் சொல்லும் சுற்று வந்தபோது தமது முறையை விட்டுக்கொடுத்தார். அறிந்தவன் வெல்வதில் என்ன பெருமை இருக்கின்றது?

அன்று நான் கண்ட பயன் மற்றொன்று. நம் பள்ளிக்கூடங்களில் வினா கேட்பவர் ஆசிரியர்; விடை சொல்பவர் மாணவர். ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு விடை அவருக்கு முன்பே தெரியும். மாணவர் அதனை ஒப்புவிக்க வேண்டும். ஆண்டுதோறும் இதே வேடத்தைத்தான் நாம் பூணுகின்றோம். சால்வையை மட்டும் கழற்றுவதில்லை. அன்றைய மாலையிலோ, வகுப்பிலே வாய் திறவாத உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அன்றிரவு விளக்கை அணைத்தது யார்?" என்று கேட்டாள். "காற்று அணைத்தது, பிள்ளை" என்றார் காவலன். "எண்ணெய் குறையவில்லை, கதவும் சாத்தியிருந்தது என்று முன்பு சொன்னீர்கள். அப்படியானால் இது பொய்" என்றாள் அவள். சபை ஒரு கணம் திகைத்தது. பின்னர் சிரித்து மகிழ்ந்தது. காவலனும் தடுமாறி, விளக்கை அணைத்தது தானே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதிகாரத்தில் உள்ளவர் சொன்ன இரண்டு கூற்றுகளைப் பக்கத்திற் பக்கம் வைத்து முரண்பாட்டைச் சுட்டும் துணிவு, பாடநூலிலிருந்து எளிதில் வருவதன்று. நடத்துபவர் விலகி நின்றிருந்தால் அத்துணிவுக்கு அங்கே இடம் கிடைத்திராது. ஆகவே அவர் அமர்ந்தது ஆள் குறைந்தமையால் வந்த வெறும் ஈடுகட்டல் அன்று, ஆட்டத்துக்கே நன்மையாயிற்று.

ஆனால் சீட்டுகளை எழுதுபவரின் பொறுப்பு இதனோடு முடிந்துவிடவில்லை. ஆங்கில மாளிகைக் கதைகளை அப்படியே இறக்குமதி செய்தால் பிரபு, சீமாட்டி, மருத்துவர், வேலைக்காரி என்ற வரிசையும் உடன் வரும். வேலைக்காரிக்கு அங்கே தேநீர் கொண்டுவரும் தொழிலைத் தவிர வேறு வாழ்வில்லை. நொக்ஸின் பத்து விதிகளில், கதையில் சீனர் வரக்கூடாது என்பதும் ஒன்று. அக்கால மலிவுக் கதைகளில் கொடியவன் சீனனாகவே வருவது வழக்காகிவிட்டிருந்தது. குற்றத்தின் காரணத்தைத் தேடாமல் குற்றவாளியின் இனத்தைத் தேடும் பழக்கம் எங்கிருந்து தொடங்குகின்றது என்பதை இது காட்டுகின்றது. நம் மாணவரிடையே தோட்ட லயத்திலிருந்து வரும் பிள்ளை இருக்கின்றது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கின்றது. தமிழும் சிங்களமும் முஸ்லிமும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. லயத்துப் பிள்ளைக்கு வேலைக்காரி சீட்டையும், தமக்கு நீதிபதி சீட்டையும் எடுத்துக்கொள்ளும் நடத்துநர், கொலை நிகழுமுன்பே ஓர் அநீதியை நிகழ்த்திவிடுகின்றார்.

கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் ஒரு கோபுரம் நிற்கின்றது. கொழும்பு - கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்டது அது. அவர் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் மலையை வெட்டிய மக்களுக்கு அங்கே பெயருமில்லை, கல்லுமில்லை. வரலாறு என்ற ஆட்டத்திலே சீட்டு எழுதியவர்கள் தமக்கு எந்தச் சீட்டை எடுத்துக்கொண்டனர் என்பதற்கு அக்கோபுரம் சாட்சி. நம் விளையாட்டிலாவது நடத்துபவர் மிகச் சிறிய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும்; பெரிய பாத்திரம் இதுவரை பேசாதவர் கைக்குப் போகட்டும்.

இவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதின் சிறு நியாயங்கள் என்று எண்ணுவோர், நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்க வேண்டும். 2006 சனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் பதினெழுவர் கொல்லப்பட்டனர். இவற்றோடு வேறு பல சம்பவங்களையும் விசாரிக்க அவ்வாண்டின் இறுதியில் நீதியரசர் உடலாகம தலைமையில் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதனைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேச சான்றோர் குழுவொன்றும் அழைக்கப்பட்டது. 2008 இல் அக்குழு தன் பணியை முடித்துக்கொண்டு விலகியது. சட்டமா அதிபர் திணைக்களம் இவ்விசாரணையில் வகித்த பங்கு நலமுரண் உடையது என்பது அக்குழு எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. தொடக்கப் புலனாய்வுகளில் ஆலோசனை வழங்கிய திணைக்களத்தின் அலுவலர்களே, அப்புலனாய்வுகளையும் ஆராய வேண்டிய ஆணைக்குழுவுக்கு உதவியாளராய் அமர்ந்திருந்தனர். ஆணைக்குழுவின் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட்டது 2015 இலேதான். திருகோணமலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2019 இல் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர்.

விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாம் மறக்கவில்லை. சீட்டிலே இறந்தவன் விருந்து முடிந்ததும் எழுந்து தேநீர் அருந்துவான். கடற்கரையில் விழுந்த மாணவர் எழுவதில்லை. அவர்களின் பெற்றோர் அறிய விழைந்த உண்மை சுவைக்காக மறைத்து வைத்த உண்மையன்று. ஆனால் அளவுகோல் ஒன்றே. விசாரணையை நடத்துபவர் யாரென்பது தெரிய வேண்டும். அவரும் வினாவுக்கு உட்பட வேண்டும். மறைப்பினால் அவர் ஊதியம் பெறலாகாது. குறித்த நேரத்தில் கடன் திருப்பித் தரப்பட வேண்டும். ஒரு மாலைக்கு இவ்விதிகளைக் கடைப்பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள், ஒரு நாட்டிலே இவை மீறப்படும்போது எங்கே மீறப்பட்டன என்று விரலிட்டுக் காட்டத் தெரிந்தவர்களாவர்.

ஆகவே விடை அறிந்தவன் வேடம் பூணலாம் என்பதே நம் முடிவு. அறிவு ஒருவனிடம் மட்டும் இருப்பது சில வேளை தவிர்க்க முடியாதது. ஆசிரியத் தொழிலே அதற்குச் சான்று. அவ்வறிவைத் தன் உடைமையென்று பூட்டி வைப்பவன் பொற்கொல்லனின் உறவினன். மற்றவர் தாமே தேடிக் கண்டடையும்வரை அதனைப் பத்திரமாய்க் காத்து, கண்டடைந்த பின் முழுதும் ஒப்படைப்பவன் அண்ணாவியாரின் உறவினன். இவ்விருவரில் யாரோடு உறவு என்பதை, நம்மிடம் வினா கேட்க எழுந்து நிற்கும் பிள்ளைக்கு நாம் சொல்லும் மறுமொழி காட்டிவிடும்.